மாமனாருக்கு இருப்பது சந்தேக குணமா, நோயா?

அறுபதைத் தாண்டிய மாமனார் திடீரென்று மாமியாரைச் சந்தேகப்படுகிறார், மற்ற எல்லாவற்றிலும் தெளிவாக இருக்கிறார், இதைப் போய் மனநோய் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நோயாக இருக்கலாம் சகோதரி. அந்தத் தெளிவுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது.

என் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர். கரண்ட் பில், பேரனின் பள்ளிக் கட்டணம் எதிலும் பைசா பிசகாது. ஆனால் பால்காரருக்கும் அம்மாவுக்கும் தொடர்பு என்று முடிவுகட்டிவிட்டார். பால்காரர் வரும் நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறிப்பார். தாமதமாக வந்தால் சிவப்பு மையில் அடிக்கோடு. சீக்கிரம் வந்தாலும் அடிக்கோடு.

மருத்துவர் இதை டெல்யூஷனல் டிஸார்டர் என்றார். அசைக்கவே முடியாத ஒரு பொய் நம்பிக்கை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும். அது தொடாத இடங்களில் ஆள் பழையபடியே இருப்பார். சிலருக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று இருக்கும், சிலருக்கு உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று. மறதி நோய், குடி போன்றவற்றாலும் இப்படி வரும் என்பதால் பரிசோதித்துத்தான் சொல்வார்கள். நான் மருத்துவர் இல்லை, உங்கள் மாமனாருக்கு இதுதான் என்று அடித்துச் சொல்லவும் இல்லை.

அப்பா நிதானமாகப் பேசியதால் சொந்தபந்தம் முழுக்க அவரை நம்பியது. "நெருப்பில்லாம புகையுமா அண்ணி?" என்று அத்தை அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டார். 

சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுத்திருக்கலாமே என்று சிலர் இங்கே வருவார்கள். தெரிந்துவிட்டால் அவர் யாரையும் நம்பமாட்டார் என்று மருத்துவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். சந்தேகத்தைப் பற்றி வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம், தூக்கமில்லாமல் அவர் படும் அவஸ்தையைப் பேசுங்கள் என்றார். தூக்கத்துக்காகத்தான் அப்பா மருத்துவரிடம் வந்தார். மாத்திரை பிடித்தபின் மெல்ல மெல்ல அந்த நோட்டை எடுப்பது குறைந்தது. நம்பிக்கை முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை, ஆனால் அம்மா நிம்மதியாக வாசலுக்குப் போய்ப் பால் வாங்குகிறார்.

மாமனார் மிரட்டினாலோ கை நீட்டினாலோ முதலில் மாமியாரை வேறு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசலாம், கட்டணம் கிடையாது. அப்புறம், மாமியாரைத் தனியாக உட்காரவைத்து நீங்கள் அவரை நம்புவதாக இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.