நெறியாளரின் மேசையில் கிடக்கும் இரண்டு இயல்கள்

கேள்வி: சங்கப் பாடல்களில் வரும் உமணர்களை (உப்பு வணிகர்களை)ப் பற்றி முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன், சேர்ந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. என் நெறியாளர் துறைத்தலைவராகவும் இருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த இரண்டு இயல்கள் ஐந்து மாதங்களாக அவர் மேசையிலேயே இருக்கின்றன. கேட்டால் "பார்க்கலாம்மா" என்கிறார். உதவித்தொகைப் படிவம் முதல் ஆய்வேடு வரை எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும் என்பதால், வற்புறுத்தவும் அஞ்சுகிறேன். பல நாள்கள் அவர் அறை வாசல் வரை சென்று திரும்பிவிடுகிறேன். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: மேசையின் மறுபக்கத்தில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் மேசையிலும் இயல்கள் மாதக்கணக்கில் கிடந்திருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. எண்பது பக்கக் கட்டு ஒன்று, எதைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பே இல்லாமல் வந்து சேரும்போது, ஒரு முழு நாள் கிடைத்தால் நிதானமாகப் படிக்கலாம் என்று தோன்றும். வகுப்பு, விடைத்தாள் திருத்தம், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்புகள் என்று ஓடிக்கொண்டிருக்கும் துறைத்தலைவருக்கு அந்த முழு நாள் வருவதே இல்லை. நாளாக நாளாக அந்தக் கட்டைப் பார்த்தாலே குற்ற உணர்வு ஏற்பட்டு, அதை எழுதியவரைக் கண்டாலும் பேச்சை மாற்றத் தோன்றும். "பார்க்கலாம்மா" என்பதன் உட்பொருள் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே, இரண்டு பாடவேளைகளுக்கு இடையில் அவரால் முடித்துவிடக் கூடிய அளவுக்கு உங்கள் வேண்டுகோளைச் சுருக்குங்கள். ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் போதும். "ஐயா, இரண்டாம் இயலில் 14 முதல் 28 வரையுள்ள பக்கங்களை மட்டும் இப்போது பார்த்துத் தர வேண்டுகிறேன். உமணர் பாடல்களை அகம், புறம் எனப் பிரித்து ஆராய்வதா, தொழில் நோக்கில் ஒன்றாகவே வைத்துப் பார்ப்பதா என்ற ஐயம் இருக்கிறது. ஒன்றாக வைப்பதே பொருத்தம் என்று எண்ணுகிறேன். காரணங்களைக் கீழே தந்துள்ளேன். வரும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்க இயலுமா?" என்று எழுதுங்கள். இதில் உங்கள் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடுவது முக்கியம். "என்ன செய்யலாம் ஐயா?" என்று கேட்டால் அவர் புதிதாக யோசிக்க வேண்டும், "இப்படிச் செய்ய நினைக்கிறேன்" என்றால், சரி என்றோ தவறு என்றோ சொன்னால் போதும். நாள் குறித்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் துறைகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்று, அவர் வெளியே வரும்போது வழிமறிப்பதைவிட அது எவ்வளவோ மரியாதையானது.

சந்திப்பு முடிந்த அன்றிரவே, அவர் கூறியவற்றில் நீங்கள் புரிந்துகொண்டதையும் அடுத்து எதை எப்போது தருவீர்கள் என்பதையும் ஐந்தாறு வரிகளில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அவர் திருத்துவார். ஆறு மாதம் கழித்து "இப்படிப் பிரிக்கச் சொன்னது யார்?" என்று அவரே கேட்கும் நாள் ஒன்று கட்டாயம் வரும் (நானும் கேட்டிருக்கிறேன்), அன்று அந்த மின்னஞ்சல் உங்களைக் காப்பாற்றும். அவர் கருத்தோடு நீங்கள் உடன்படாத இடங்களிலும் இதே வழியைப் பின்பற்றலாம். பலர் முன்னிலையில் மறுத்துப் பேசாமல், பாடலடிகளையும் பழைய உரையையும் எடுத்துக்காட்டி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால், தனிமையில் படித்துத் தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவருக்கும் இடம் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பதில் வராவிட்டால், முறையான வழி ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியை விளக்கி, முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். குழுவின் பரிந்துரைகளின் நகல் ஆய்வாளருக்கும் வழங்கப்பட வேண்டும். நம் பக்கத்தில் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) என்று அழைக்கப்படும் இந்தக் கூட்டம் பல துறைகளில் தேநீரோடும் கையெழுத்தோடும் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும், இரண்டு இயல்களும் எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டன என்பதைக் குறை கூறும் தொனி சிறிதும் இல்லாமல் உங்கள் அறிக்கையில் குறித்துவிட்டால், குழுவில் உள்ள மற்றவர்களே அதைப் பற்றிக் கேட்பார்கள். பதிவுக் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், மிகுதியாக ஆறு ஆண்டுகள். மறுபதிவையும் பெண்களுக்கான சலுகையையும் சேர்த்துப் பத்து ஆண்டுகள் வரை நீளலாம் என்றாலும், உதவித்தொகை அவ்வளவு காலம் வராது. எனவே காத்திருக்கும் நேரத்தில் மூன்றாம் இயலைத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: என் நெறியாளர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். நான் நடுவழியில் விடப்படுவேனா?
– ஆய்வு மாணவர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் புதிய ஆய்வாளர்களைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் விதி. முன்பே பதிவு செய்தவர்களுக்கு ஓய்வு பெறும் வரை நெறியாளராகவும், அதன் பின்னர் 70 வயது வரை இணை நெறியாளராகவும் அவர் தொடரலாம். இடையில் பொறுப்பேற்கப் போகும் புதிய நெறியாளர் யார் என்பதை இப்போதே அவரிடம் கேட்டு, அவரையே அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். புதியவர் வந்ததும் தலைப்பை மாற்றச் சொல்வார் என்ற அச்சம் பலருக்கு உண்டு. இதுவரை எழுதியதன் சுருக்கத்தையும் குழு ஏற்றுக்கொண்ட அறிக்கைகளையும் முதல் சந்திப்பிலேயே அவரிடம் கொடுத்துவிட்டால், மாற்றச் சொல்ல அவருக்கு மனம் வருவது அரிது.

கேள்வி: நான் எழுதிய கட்டுரையில் தம் பெயரை முதலில் போடச் சொல்கிறார் நெறியாளர். மறுப்பது சரியா?
– வேதியியல் ஆய்வாளர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் துறையில் சோதனைகளைச் செய்து கட்டுரையை எழுதியவர் முதற்பெயராகவும், ஆய்வை வழிநடத்தியவர் தொடர்பு ஆசிரியராக (கட்டுரை குறித்து இதழுடன் தொடர்புகொள்பவராக) பெரும்பாலும் இறுதியிலும் இடம்பெறுவது வழக்கம், இறுதி இடம் அங்கே சிறுமையாகக் கருதப்படுவதில்லை. எனவே, "தொடர்பு ஆசிரியராகத் தாங்கள் இருக்க வேண்டுகிறேன் ஐயா; ஆய்வேட்டின் அடிப்படைக் கட்டுரை என்பதால் முதற்பெயர் எனக்குத் தேவைப்படுகிறது" என்று கேட்டுப் பாருங்கள். கட்டுரை முடிந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்ததுதான் சிக்கல். அடுத்த கட்டுரைக்கு, சோதனை தொடங்கும் வாரத்திலேயே யார் எதைச் செய்வது, பெயர்கள் எந்த வரிசையில் வருவது என்று பேசி, அதையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.