ஈயை ஆராய்ந்தால் சோறு கிடைக்குமா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. விலங்கியல் முடிக்கப்போகும் உங்கள் மகள் பி.எட். வேண்டாம் என்கிறாள், கடற்கரை ஈக்களின் அருங்காட்சியகப் பதிவுகளை ஆராயப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ஈயைப் பார்த்து யார் சம்பளம் தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது என்ன வேலை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவள் ஆராய நினைக்கும் நெடுங்கால் ஈக்கள் நம் வீட்டில் மொய்ப்பவை அல்ல. சில மில்லிமீட்டரே இருக்கும். பல இனங்கள் பச்சை உலோகம்போல் மின்னும். சிறு பூச்சி புழுக்களைப் பிடித்துத் தின்னும். உலகில் 7,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் சில, கடலோரச் சேற்றிலும் அலையாத்திக் காட்டிலும் அலை மோதும் பாறையிலும்தான் வாழ்கின்றன. அந்தக் கரையை மண்கொட்டி மேடாக்கினால் அவற்றுக்குப் போக்கிடமில்லை. சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் இருப்பதாக 2021இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நகரத்தை ஒட்டிய சேற்றில் இவ்வளவா என்று துறைசார்ந்தவர்களே வியந்தார்கள்.

அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும் ஈயோடு ஒரு சீட்டும் இருக்கும்: எந்த இடம், எந்த நாள், யார் பிடித்தது. சீட்டு தொலைந்தால் அந்த ஈயால் பாதிப் பயன்கூட இல்லை. பழைய சீட்டில் வெறுமனே 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்தால் அது எண்ணூர்க் கழிமுகமா, அடையாறு முகத்துவாரமா? பிடித்தவரின் பயணக் குறிப்பு, அந்தக் கால வரைபடம் எல்லாவற்றையும் துழாவி, அட்சரேகை தீர்க்கரேகையோடு, எத்தனை கிலோமீட்டர் தவறலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தெரியாததைத் துல்லியமாக எழுதிவிடுவதுதான் இத்தொழிலில் பெரிய குற்றம். வரைபடத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால், அங்கே ஈ இல்லை என்று பொருளா, வலையோடு யாரும் போகவில்லை என்று பொருளா? இதைப் பிரித்தறியத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

இனிச் சம்பளம். மழுப்பாமல் சொல்கிறேன்: நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1916 முதல் இயங்கும் இந்திய விலங்கியல் ஆய்வு மையத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. ஆனால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் திட்டக்கால ஒப்பந்த வேலைதான். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்டத்தில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. இதில் மட்டும் நான் உங்கள் பக்கம்.

ஈயை மட்டும் தெரிந்துகொண்டாலும் போதாது. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும், பதிவுகளைச் சுத்தப்படுத்தும் நிரலாக்கமும் கைவசம் இருந்தால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, பல்லுயிர்த் தரவு போன்ற வேலைகளுக்கும் போகலாம். பி.எட். எங்கும் ஓடிவிடாது.

அவளை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். 2001இல் தொடங்கிய ஜிபிஃப் என்ற உலகத் தரவுத்தளத்தில் பதிவுகள் இலவசம். ஒரே ஒரு பேரினத்தின் (நெருங்கிய உறவுள்ள ஈயினங்களின் தொகுதி) கடற்கரைப் பதிவுகளை இறக்கி, சந்தேகமானவற்றைக் காரணத்தோடு நீக்கி, ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். அலுக்காமல் முடித்தால் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டும் பேராசிரியரைத் தேடலாம். அப்போது நீங்களும் உடன் போய், அவரிடம் முன்பு படித்த மாணவர்கள் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.