கம்பி எட்டாத ஊருக்கு மின்சாரம்: கணக்கை எங்கே தொடங்குவது?

மின்சார சபையின் கம்பி எட்டாத, ஐம்பது வீடுகள் உள்ள ஓர் ஊருக்குக் குறைந்த செலவில் மின்சாரம் கொடுக்க எத்தனை சூரிய மின் பேனல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் என்னிடம் இதைக் கேட்பவர்களில் பலர் புறக்கோட்டையில் பேனல் விலை விசாரித்துவிட்டே வருகிறார்கள். ஆனால் செலவைத் தீர்மானிப்பது பேனல் அல்ல, இரவுப் பாவனையும் அதைத் தாங்கும் பற்றரியுமே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 7 வாட் எல்.இ.டி. குமிழ்கள் மூன்று ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 105 வாட்-மணி, 40 வாட் தொலைக்காட்சி மூன்று மணித்தியாலத்துக்கு 120, கைபேசிகளுக்கு 20 என்று மொத்தம் 245தான் வரும். அதனுடன் 75 வாட் கூரை விசிறி ஆறு மணித்தியாலம் சுழன்றால் கணக்கு 695 ஆகிவிடும். அதற்குப் பதிலாக குறைந்த மின்சாரத்தில் சுழலும் மோட்டார் உள்ள 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி போட்டால் 425 போதும்; விசிறிக்குக் கூடுதலாகக் கொடுப்பதைப் பற்றரியிலேயே மீட்டுவிடலாம். இந்த 425க்கு 12.8 வோல்ட், 50 அம்பியர்-மணி (இரண்டையும் பெருக்கினால் 640 வாட்-மணி) லித்தியம் பற்றரி ஒன்று போதுமானது. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் தேயும் என்பதால், அதில் 100 அம்பியர்-மணி வாங்க வேண்டியிருக்கும். மாரிகாலத்தில் நாளொன்றுக்கு மூன்றரை மணித்தியால முழு வெயிலுக்குச் சமமான ஒளியே கிடைக்கும் என்று கொண்டு, இழப்புக்கு 30 வீதம் கழித்தாலும், 200 வாட் பேனல் ஈடுகொடுக்கும். எந்தப் பற்றரியும் ஒரு நாள் மாற்றப்பட வேண்டியதே. அந்தப் பணத்தை மாதச் சந்தாவில் சேர்க்காத திட்டத்தை நான் திட்டமாகவே கருதுவதில்லை.

மலைநாட்டில் ஆண்டு முழுவதும் வற்றாத ஓடை அருகிலிருந்தால் கணக்கே வேறு. 30 மீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்கு 20 லீற்றர் நீர் விழுந்தால், பாதித் திறனிலும் ஏறத்தாழ 3 கிலோவாட் இரவு பகலாகக் கிடைக்கும். ஆனால் ஐம்பது வீடுகளும் ஒரே நேரத்தில் பாவிக்கும் மாலை ஏழு மணிக்கு, வீட்டுக்கு 60 வாட்டுக்கு மேல் பங்கு இல்லை. யாராவது ஒருவர் ரைஸ் குக்கரைப் போட்டால் ஊரே மங்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் மின்னோட்ட எல்லையை வைத்து, அதைக் கண்காணிக்கும் பொறுப்பை ஊர்ச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும்.

சப்ரகமுவ மாகாணத்தில் மின் நுகர்வோர் சங்கங்கள் இப்படித்தான் சிறு நீர்மின் நிலையங்களை நடத்தின. பின்னர் தேசிய மின் கம்பி அந்த ஊர்களுக்கு வந்தபோது பல நிலையங்கள் கைவிடப்பட்டன. இலங்கையில் இத்தகைய சில நிலையங்கள் மட்டுமே தேசிய கட்டமைப்போடு இணைந்து மின்சாரத்தை விற்கத் தொடங்கின. எனவே நீர்மின் நிலையம் அமைப்பதானால், பின்னர் தேசிய கட்டமைப்போடு இணைக்க வசதியாக, ஊருக்குள் ஓடும் கம்பியை முதல் நாளிலிருந்தே அதன் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் தரத்துக்கு இழுக்கச் சொல்வேன்.