கயோட்டியும் மானும் மோதினால் எப்போதும் மான்தான் சாகுமா?

கேள்வி கேட்டவர் பனிக்கால வீடியோ ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வயிறுவரை பனியில் புதைந்த மான், சுற்றி நாய் போன்ற மூன்று நான்கு கயோட்டிகள். அதைப் பார்த்தால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

இல்லை, எப்போதும் மான் சாகாது. நல்ல தெம்போடு இருக்கிற பெரிய மானைக் கயோட்டி பெரும்பாலும் தொடாது. எங்கள் சிகாகோப் பக்கத்துக் கயோட்டி 11 முதல் 16 கிலோதான் இருக்கும். பெட்டை மான் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. முன்னங்கால் குளம்பால் ஒன்று விட்டால் விலா எலும்பு போய்விடும். பனியில் மட்டும் கதை வேறு. மேலே ஓடு மாதிரி இறுகிய பனியில் கயோட்டி ஓடும், மானின் குளம்போ அதைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கும்.

(கயோட்டியை நரி என்று எழுதக்கூடாதா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: அது நம்மூர் நரி இல்லை, ஓநாயும் இல்லை. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்க விலங்கு, அங்கே உள்ள பெயரிலேயே எழுதுகிறேன். அப்புறம், நான் விலங்கியல் படித்தவனும் இல்லை. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காருகிறவன்.)

பிறகு ஏன் பதில் எழுத வந்தேன் என்றால், இந்த விஷயத்தில் நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

சிகாகோவுக்கு வடமேற்கே, பஸ்ஸி வுட்ஸ் காட்டை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் மாதம். கோபிப் பக்கத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். விடிகாலையில் வந்து என் அறைக் கதவைத் தட்டினார். “மாப்பிள்ளை, ஆட்டுக்குட்டி கத்துதுங்க. இங்க யாருங்க ஆடு வளக்கறாங்க?”

ஜன்னல் வழியே பார்த்தால், வேலிக்கு அப்பால் உயரமான புல்லில் ஒரு வெள்ளைவால் மான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. எதையோ துரத்துகிறது. இரண்டு நொடி கழித்துத்தான் அது கயோட்டி என்று தெரிந்தது. கயோட்டி பத்தடி தள்ளிப் போய்த் திரும்பும். மான் காதைப் பின்னால் மடக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு பாயும். ஒருமுறை இரண்டு முன்னங்கால்களையும் தூக்கிக் குத்தியது. முதுகில் பட்டிருக்க வேண்டும், கயோட்டி ‘வீல்’ என்றது. மான் புஸ்ஸென்று மூச்சு விடுவது மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஒரு சட்டியையும் கரண்டியையும் எடுத்துத் தட்டிக்கொண்டே வெளியே ஓடினேன். முதலில் பயந்து ஓடியது யார் தெரியுமா? தாய் மான். வெள்ளை வாலைக் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது. கயோட்டி கொஞ்ச தூரம் நடந்து போய், நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் போனது.

புல்லுக்குள் குட்டி கிடந்தது. மூன்று கிலோ இருக்கலாம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, பின்தொடையில் ஒரு சின்னக் கீறல். தலையைத் தரையோடு அழுத்தி, அசையாமல் கிடந்தது. நான் கிட்டே போயும் காது கூட ஆடவில்லை. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது, குட்டி அதிர்ச்சியில் இருக்கிறது என்று முடிவு கட்டி, துண்டில் சுற்றி கராஜுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

மாமனார் பார்த்தார். அவர் ஐம்பது வருடம் வெள்ளாடு வளர்த்தவர். “தாயி வந்து தேடுமுங்க. எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்துருங்க” என்றார். இது ஆடு இல்லை மாமா, காட்டு விலங்கு, இதற்கென்று விதிமுறை இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பிறகு வனவிலங்கு மீட்பு மையம் ஒன்றுக்கு ஃபோன் போட்டேன். அந்த அம்மா நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, கீறல் ஆழமில்லை என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடு என்றார். வார்த்தைக்கு வார்த்தை அதேதான்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மான் குட்டிக்கு முதல் வாரங்களில் வாசனை மிகக் குறைவு. தாய் அதை நக்கி, அதன் கழிவைக்கூடத் தின்று தடயமே இல்லாமல் செய்துவிட்டு, தள்ளிப் போய் மேயும். ஒரு நாளில் சில முறைதான் பால் கொடுக்க வரும். ஆபத்து நெருங்கினால் குட்டியின் இதயத் துடிப்பே குறையும். நான் அதிர்ச்சி என்று நினைத்தது அதன் பாதுகாப்பு. கயோட்டிக்கு மான் வேட்டை என்பது பெரும்பாலும் இந்தச் சில வாரங்கள்தான். அதுவும் எப்போதும் ஜெயிப்பதில்லை.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் சூசன் லிங்கிள் என்ற ஆய்வாளர் இதைப் பல வருடம் கவனித்திருக்கிறார். வெள்ளைவால் மான் பொதுவாக ஓடித் தப்பும் ரகம். நீளக் காது கொண்ட மியூல் மான்கள் கூட்டமாக நின்று கயோட்டியை எதிர்க்கும். ஒலிபெருக்கியில் வேறு விலங்குகளின் குட்டி அலறுவதைப் போட்டால்கூட, குரலின் சுருதி மான் குட்டியினுடையதோடு ஒத்துப்போனால் தாய் மான் ஓடி வருமாம். மனிதக் குழந்தையின் அழுகைக்கும் வந்திருக்கிறது.

சிகாகோ இருக்கிற எங்கள் குக் கவுண்டியிலேயே 2000 முதல் ஸ்டான்லி கெர்ட் என்ற ஆய்வாளரின் குழு கயோட்டிகளை ஆராய்கிறது. அவற்றின் எச்சங்களை, அதாவது மலத்தை, சோதித்ததில் எலி வகை 42 சதவீதத்திலும், பழம் 23, மான் 22, முயல் 18 சதவீதத்திலும் இருந்தன. (ஒரே எச்சத்தில் இரண்டு மூன்றும் இருக்கும். கூட்டிப் பார்த்துவிட்டு 105 வருகிறதே என்று கேட்காதீர்கள்.) அந்த மானிலும் குட்டி உண்டு, காரில் அடிபட்டுச் செத்ததைத் தின்றதும் உண்டு.

கார் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் ஒரு மான் என் காரின் குறுக்கே பாய்ந்தது. மான் எழுந்து போய்விட்டது, முகப்பு நொறுங்கியது. மான் மோதினால் காப்பீட்டில் எந்தப் பிரிவின் கீழ் பணம் வருமோ, அந்தப் பிரிவைத்தான் “பழைய வண்டிக்கு எதுக்கு” என்று ஏஜென்ட் ஆறு மாதம் முன்பு நீக்க வைத்திருந்தார். 3,400 டாலர், என் கையிலிருந்து. எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவிலோ மாதம் ஒருமுறை கயோட்டியைப் பொறி வைத்துப் பிடிக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். நவம்பரில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் வாங்கவில்லை.

சரி, குட்டி. கொண்டுபோய் அதே பள்ளத்தில் வைத்துவிட்டு வந்தேன். மாமனார் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட அங்கிருந்து எழவில்லை. சாயங்காலம் ஏழு மணி தாண்டி தாய் வந்தது. நின்றது, மோப்பம் பிடித்தது, காலைத் தரையில் இரண்டு முறை தட்டியது, மெதுவாகப் புல்லுக்குள் வந்தது. குட்டி எழுந்து மடியை முட்டியது.

“வால ஆட்டிட்டே குடிக்குது பாருங்க, அப்படியே வெள்ளாடுங்க” என்றார் மாமனார். காலையில் நான் கொடுத்த விளக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்டில் வேலியோரம் தாயோடு மேய்ந்த ஒரு குட்டியைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அதே குட்டியா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதேதான், பின்தொடையில் தழும்பு தெரிகிறது என்கிறார். எனக்கு இன்னும் தெரியவில்லை.