330 வாட் சோலார் பேனலோடு 100 வாட் பேனலைச் சேர்த்து இணைக்கலாமா?

இணைக்கலாம், ஆனால் நஷ்டம்தான். வாட்டை விடுங்கள், பின்பக்க ஸ்டிக்கரில் விஎம்பி (முழு பவர் தரும்போதுள்ள வோல்டேஜ்), ஐஎம்பி (அப்போதுள்ள ஆம்பியர்) எண்களைப் பாருங்கள். பெரியது சுமார் 37 வோல்ட், 8.9 ஆம்பியர் இருக்கும். சின்னது 18 வோல்ட், 5.5 ஆம்பியர்.

சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் இரண்டிலும் 5.5 ஆம்பியர்தான் ஓடும். 55 வோல்ட்டால் பெருக்கினால் 300 வாட் சொச்சம். பெரியதைத் தனியாக விட்டாலே 330 வருமே! பைபாஸ் டையோடு (பேனலைச் சுற்றி மின்சாரத்துக்கு மாற்றுவழி விடும் பாகம்) வேலை செய்தால் சின்னதைத் தாண்டி மின்சாரம் போகும். அப்புறம் சின்னது எதற்கு? பேரலல் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இன்னும் மோசம்: வோல்டேஜ் 18 பக்கம் இறங்கி 260 வாட் அளவில் நிற்கும்.

ஆம்பியர் ஒத்துப்போனால் சீரிஸ், வோல்டேஜ் ஒத்துப்போனால் பேரலல் சரி. உங்களுக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. அதனால் தனித்தனி சார்ஜ் கன்ட்ரோலர் (பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்து, இரண்டையும் ஒரே 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுங்கள். பெரியதற்கு எம்பிபிடி (கூடுதல் வோல்டேஜை வீணாக்காமல் பேட்டரிக்கு ஏற்ப மாற்றும் கன்ட்ரோலர்) கட்டாயம். சின்னதற்கு அப்படி மாற்றாத, மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் போதும்.