பேரங்காடிகளின் பிடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஒரு மாலில் மசாலாக் கடை போடப் போகிறேன். பெரிய சூப்பர்மார்க்கெட் இருப்பதால் காய்கறி, கீரை விற்கக் கூடாது என்கிறார் கட்டட உரிமையாளர். வேறு வழியில்லையா?

பதில்: இருக்கிறது. "இதை வேறு யாரும் விற்கக் கூடாது" என்று பெரிய கடைக்கு எழுதிக் கொடுத்த குத்தகை விதிதான் இதற்குக் காரணம். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் 2015-இல் தொடங்கிய மளிகைச் சந்தை விசாரணையின் இறுதி அறிக்கை 2019 நவம்பரில் வந்தது. இப்படிப்பட்ட விதிகள் ஒழிய வேண்டும் என்றது அது. சிறு கடைகள்மீது இவ்விதியைச் செலுத்துவதில்லை என்று 2020-இல் ஷாப்ரைட் செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட் குழுமம் போட்டித் தீர்ப்பாயத்தில் ஒப்புக்கொண்டது. ஆகவே உங்கள் மாலில் இருப்பது எந்த நிறுவனம் என்று முதலில் பாருங்கள். தடை எந்த விதிப்படி என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. புகார் கொடுக்கப் போட்டி ஆணையத்தின் சிசி1 படிவம் போதும், கட்டணமில்லை.

பலர் கோட்டைவிடுவது தங்கள் சொந்தக் குத்தகையில்தான். பயன்பாடு என்ற இடத்தில் "மசாலாக் கடை" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், சூப்பர்மார்க்கெட் வாய் திறக்காவிட்டாலும் ஒரு கட்டுக் கொத்தமல்லிகூட விற்க முடியாது. கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, சேப்பங்கிழங்கு, ரொட்டி என ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். விடாப்பிடியாகக் கேட்டால் பலன் உண்டு: டர்பன் வார்விக்கில் 1910 முதல் நடக்கும் அதிகாலைச் சந்தையின் இடத்தில் மால் கட்ட 2009-இல் திட்டம் போட்டார்கள். வியாபாரிகள் விடாமல் நின்றதால்தான் அது கைவிடப்பட்டது.

கேள்வி: ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் குழுமத்துக்கு மாங்காய் ஊறுகாய் கொடுக்கிறோம். பில் தொகை ஒரு மாதம்கூட முழுசாகக் கைக்கு வருவதில்லை. ஏன்?

பதில்: பிடித்தங்கள்தான். உதாரணமாக 100 ரேண்ட் பில்லில் தள்ளுபடி 8, விளம்பரத் தாளுக்கு 3, சீக்கிரம் பணம் தருவதற்கு 2.50 போனால் மிஞ்சுவது 86.50. உடைந்த பாட்டில், விற்காமல் திரும்பிய சரக்கு இதிலும் கழியும். பார்கோடு ஸ்கேன் ஆகவில்லை, காலாவதிக்கு நாள் குறைவு என்று லாரியோடு திருப்பி அனுப்பினால் வண்டிக்கூலியும் உங்கள் தலையில். விலை சொல்லும்போதே இத்தனையையும் கூட்டிச் சொல்லுங்கள். திரும்பும் சரக்குக்கு உச்ச அளவு, சலுகை விலையின் நட்டம் யாருக்கு, பணம் எத்தனை நாளில் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே குழுமத்துக்குக் கொடுக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. அவர்கள் நிறுத்தினால் அடுப்பே அணைந்துவிடும்.

போட்டிச் சட்டத்தின் 8(4) பிரிவு 2020 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளது. மளிகைத் துறையில் ஆதிக்கமுள்ள நிறுவனம் சிறு வழங்குநர்மீது நியாயமற்ற விலையையோ நிபந்தனையையோ சுமத்த முடியாது. இதிலிருந்து தப்பிக்கவே கொள்முதலை நிறுத்துவதும் சட்டமீறல். பிடித்தச் சீட்டுகளை மாதவாரியாகக் கோத்து வையுங்கள். அந்த நடைமுறை நின்று மூன்று ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

கேள்வி: அலமாரியில் ஒரு விலை, கவுண்டரில் இன்னொரு விலை. எதைக் கொடுப்பது?

பதில்: குறைந்ததை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 23-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. யார் பார்த்தாலும் தவறு என்று தெரியும் பிழைக்கு விலக்கு உண்டு. பணம் கட்டுமுன் விலைச்சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.