அரசு இடத்தில் மதச் சின்னம் வைத்தால் அமெரிக்காவில் ஏன் வழக்குப் போடுகிறார்கள்?

காரணம், ‘சர்ச் வேறு, அரசு வேறு’ என்ற அங்கத்திய கொள்கை. அதற்குச் சுருக்கமான அர்த்தம், அரசாங்கம் எந்த மதத்தையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது, தடுக்கவும் கூடாது. 1791இல் வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம் இது. அரசின் கையில் வரிப்பணமும் போலீசும் இருக்கின்றன, அது ஒரு மதத்தின் பக்கம் சாய்ந்தால் மற்றவர்கள் சொந்த ஊரிலேயே இரண்டாம் தரமாகிவிடுவார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் வீட்டு வாசலில் எந்தச் சாமி படத்தையும் மாட்டலாம், யார் கேட்பது? ஆனால் சங்கச் செயலாளர் எல்லோருடைய பராமரிப்புப் பணத்தையும் எடுத்துத் தன் குலதெய்வப் படத்தை லிஃப்ட் பக்கத்தில் மாட்டினால் சண்டை வரும்தானே.

சரி, கோடு எங்கே? அங்கேதான் குழப்பம். 2005 ஜூன் 27 அன்று, ஒரே நாளில், பைபிளின் பத்துக் கட்டளைகள் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்பு சொன்னது. கென்டக்கி மாநிலத்தில் நீதிமன்றச் சுவர்களில் அவற்றை மாட்டியது செல்லாது, டெக்ஸாஸ் சட்டமன்ற வளாகத்தில் அவற்றைப் பொறித்து நிற்கும் ஆறடிக் கல் இருக்கலாம். இரண்டிலும் நீதிபதிகள் 5-4 என்று பிரிந்தார்கள். கென்டக்கியில் மத நோக்கம் பளிச்சென்று தெரிந்தது; டெக்ஸாஸ் கல்லோ 1961 முதல் மற்ற நினைவுச் சின்னங்களுக்கு நடுவே நின்றது, நாற்பது வருஷம் யாரும் வழக்குப் போடவில்லை. இரண்டு வழக்கிலும் வென்ற பக்கம் இருந்தவர் நீதிபதி ஸ்டீபன் பிரையர் மட்டும்தான். பழசாக இருந்தால் தப்பிக்கலாம் என்பது எனக்கு வழுக்கலான அளவுகோலாகத்தான் படுகிறது.

அப்புறம், பொது இடத்தில் மதமே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை: அரசுப் பள்ளி மாணவர் தானாக ஜெபிக்கலாம், சிலுவை அணியலாம், இந்தக் கட்டுப்பாடு அரசாங்கத்துக்குத்தான்.